கடிக்கிற குட்டியை அடித்துப் பழக்கலாமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கேள்வி: மூன்று மாத நாய்க்குட்டி வீட்டில் எல்லோரையும் கடிக்கிறது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. அடித்துப் பழக்கலாமா, இல்லை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?

அடிக்காதீர்கள். கொடுத்துவிடும் யோசனையையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மூன்று மாதக் குட்டி கடிப்பதும் வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போவதும் அந்த வயதின் இயல்பு. அதை வைத்து இந்த நாய் சரிப்படாது என்று முடிவு கட்டுவது அநியாயம். நான் கால்நடை மருத்துவரும் இல்லை, காசு வாங்கிப் பயிற்சி கொடுப்பவளும் இல்லை. மதுரையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் சிப்பிப்பாறை நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவள், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு யோசனையும் எங்கள் வீட்டிலேயே என் காதில் விழுந்தவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. பிள்ளைகள் கேட்டதால் வாங்கியிருப்பீர்கள். முதல் வாரம் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். இப்போது எல்லோரும் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்கிறார்கள், துடைப்பதும் கழுவுவதும் உங்கள் தலையில் விழுந்துவிட்டது. வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரிதானே?

எங்கள் பொன்னி சாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். மாமா வீட்டு நாய் போட்ட குட்டி. கண் திறந்ததுமே தூக்கி வந்துவிட வேண்டும் என்று என் மகன் துடித்தான். மாமா கொடுக்கவில்லை. "ரெண்டு மாசம் தாய்கிட்ட கிடக்கட்டும்மா. கடிக்க அங்கதான் பழகும்" என்றார். அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டே போய்விடும். பால் குடிக்கையில் பல் பட்டால் தாய் உறுமிவிட்டு எழுந்துகொள்ளும். எவ்வளவு அழுத்தினால் அடுத்த உயிருக்கு வலிக்கும் என்பது குட்டிக்கு இப்படித்தான் பிடிபடுகிறது. சீக்கிரமே பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டி அதை நம் கையிலும் காலிலும்தான் கற்றுக்கொண்டாக வேண்டும்.

8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் சந்தையில் 30 நாள் குட்டியை 45 நாள் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த 45 நாளே விதிப்படி போதாது. உங்கள் குட்டி எத்தனை நாளில் வந்தது என்று விசாரித்துப் பாருங்கள். அது மூர்க்கமாகக் கடிப்பதாக நீங்கள் நினைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

"கிராமத்தில் யார் நாய்க்குப் பாடம் நடத்தினார்கள், தானாக வளரவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் அத்தையும் அதைத்தான் கேட்டார். கிராமத்துக் குட்டிக்குத் தாய் பக்கத்தில் இருக்கிறது, உடன்பிறந்தவை இருக்கின்றன, ஓடக் களம் இருக்கிறது, ஒண்ணுக்குப் போக வேலி ஓரம் இருக்கிறது. மூன்றாவது மாதத்திலேயே அதை டைல்ஸ் போட்ட ஹாலுக்குள் அடைத்து வைத்துவிட்டு, தானாக வளரட்டும் என்று நாம் சொல்ல முடியாது.

கடிக்கு வருகிறேன். நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். நாலாவது மாதம் தொடங்கி அவை விழுந்து, ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் எதையாவது கடித்தே தீரும். கடிக்காதே என்று சொல்லிப் பயனில்லை, எதைக் கடிக்கலாம் என்று காட்டத்தான் முடியும். பழைய துண்டை நனைத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுப்பேன். பொன்னி அதை முன்னங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கடைவாயால் மென்றுகொண்டே கிடப்பாள். காலைக் கடிக்க வந்தால் வீட்டில் எல்லோரும் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும் என்பது விதி. கத்தக் கூடாது, ஓடக் கூடாது, காலை உதறக் கூடாது. என் மகன் கத்திக்கொண்டு ஓடுவான். அதைவிடப் பெரிய விளையாட்டு குட்டிக்கு ஏது? கணுக்காலிலேயே தொங்கும். அவன் நிற்கப் பழகிய பிறகுதான் அவள் விடப் பழகினாள்.

இன்னொன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வயதில் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பொன்னி பேய் பிடித்தது போலக் கடிப்பாள். டிவி ஓடும், மகனின் நண்பர்கள் வருவார்கள், ஆளாளுக்கு அவளை எழுப்பிக் கொஞ்சுவார்கள். அவள் வெறியில் கடிக்கவில்லை, தூக்கம் கெட்டுப்போய்க் கடித்தாள். கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையை விரித்து, முன்பக்கம் ஒரு சேலையைத் தொங்கவிட்டு, அதற்குள் அவள் போய்விட்டால் யாரும் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் சாயங்காலக் கடியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

சிறுநீர் விஷயம் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, அதனால் ராத்திரியிலும் ஒரு தடவை எழுந்தாக வேண்டும். நாங்கள் மாடி என்பதால் கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கி, பின்பக்க வேப்பமரத்தடியில் விட்டு, போனதும் அங்கேயே, அந்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த ஈரல் கொடுப்பேன். மாடிக்கு வந்து கொடுத்தால் படியேறியதற்குத்தான் பரிசு என்று அது நினைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பதெல்லாம் கொடுமை. குட்டிக்கு அதிலிருந்து புரிவது ஒன்றுதான்: இந்த ஆள் பார்க்கும்போது போனால் ஆபத்து. அப்புறம் உங்கள் முன்னால் வெளியேயும் போகாது, பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும். தரையைப் பினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்கு வாடை மறையும், அதன் மூக்குக்கு மறையாது. வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் பொன்னி இல்லை, நாங்கள் ஆளுக்கொரு மொழி பேசியதுதான். என் கணவர் "நோ" என்பார், மகன் "ஏய்" என்பான், நான் "வேணாம்" என்பேன். அத்தை ஒன்றும் சொல்லாமல், தட்டின் மேல் தாவுகிறவளுக்கு ஒரு முறுக்கை உடைத்துப் போட்டுவிட்டு, "நாய்க்குப் போய் இவ்வளவு சட்டமாம்மா?" என்பார். கடைசியில் உட்காரு, இரு, வா, விடு என்று நாலே சொற்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். இதில் என்னை நெகிழ வைத்தவர் அத்தைதான். பொன்னி தன் முன்னால் வந்து தானாக உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த அன்றிலிருந்து, அவள் உட்காரும் முன்பே யாராவது ஒரு வாய் கொடுத்தால் அத்தைதான் சண்டைக்கு வருவார்.

"வா" என்ற சொல்லை மட்டும் பொக்கிஷமாகக் காப்பாற்றுங்கள். கூப்பிட்டுத் திட்டவோ, கூப்பிட்டுக் குளிப்பாட்டவோ அதைப் பயன்படுத்தாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்து முயலைத் துரத்துவதற்கென்றே வந்த இனங்கள். நம் உத்தரவுக்குக் காத்து நின்றால் முயல் போய்விடும். நாட்டு நாய் சொல்பேச்சுக் கேட்காது என்று குறை சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பொன்னி இன்று நன்றாகவே கேட்கிறாள். ஆனாலும் குறுக்கே ஒரு பூனை ஓடினால் அவளுக்கு என் குரல் காதில் விழாது என்று எனக்குத் தெரியும். தெருவில் பெல்ட் இல்லாமல் அவளை நான் விட்டதே இல்லை. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டு அவிழ்த்துவிடுபவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. எதிரே வருகிற வயதானவருக்கு அது எப்படித் தெரியும்?

ஊசி விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று, நாலு வார இடைவெளியில் அடுத்தடுத்து நாலு மாதம் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், அதன் பிறகு டாக்டர் அட்டையில் எழுதித் தரும் தேதிப்படி தவறாமல். பூச்சி மருந்தும் அப்படியே. வாந்தியும் ரத்தமாக வயிற்றுப்போக்கும் கண்டால் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம், காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் ஊசிகள் முடியும்வரை தெரு நாய்கள் புழங்கும் இடத்தில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். அதற்காக வீட்டிலேயே பூட்டியும் வைக்காதீர்கள். மூன்றரை, நாலு மாதத்துக்குள் எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்ததோ அதையெல்லாம் பெரும்பாலும் ஆயுசுக்கும் பயமில்லாமல் பார்க்கும். பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பேன். ஹெல்மெட் போட்டவர், தள்ளுவண்டிக்காரர், சிலிண்டரை உருட்டும் சத்தம் எல்லாவற்றுக்கும் அவள் காது விடைக்கும். ஒரு துண்டு ஈரலைக் கொடுத்தால் தணிந்துவிடும். பூக்கார அக்கா மட்டும் தினமும், "பிள்ளைக்குச் சோறு ஊட்ட நிலா காட்டுறியாக்கும்" என்று கேட்பார்.

நாய் வளர்க்கிறவர்களுக்கு மனிதர்கள் மேல் அக்கறை இல்லை என்று திட்ட வருகிறவர்களுக்கும் சேர்த்து இதைச் சொல்லிவிடுகிறேன். குட்டியின் பல் பட்டு ரத்தம் கசிந்தால், குட்டிதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. சென்னையில் இருப்பவர் என்றால் நாய்க்கு மாநகராட்சி உரிமமும், தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம், அலட்சியம் பண்ணாதீர்கள். குட்டி போட வைக்கும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை செய்யும் வயதையும் இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நாய்கள் பெருகிவிட்டன என்று சத்தம் போடுகிறோம். கழுத்தில் பெல்ட் தடம் மாறாமல் எங்கள் தெருவில் திரிந்த அந்த லேப்ரடார் எந்த வீட்டிலிருந்து வந்தது? அதுவும் ஒரு காலத்தில் மூன்று மாதக் குட்டியாக யாரையோ கடித்துக்கொண்டு இருந்ததுதான். கொடுத்துவிடலாமா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அதன் நினைப்புதான் வந்தது. "தோட்டம் உள்ள இடத்தில் விட்டுவிட்டோம்" என்பார்கள். அந்தத் தோட்டத்தில் அது சாகும்வரை சங்கிலியில் கிடக்கும்.

இதைச் சொல்லும்போது வாடகை வீட்டுப் பிரச்சினையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வீட்டைக் காலி செய்தபோது, கதவுக் கீறல் எல்லாம் நாய் பிறாண்டியது என்று சொல்லி அட்வான்ஸில் பெரும்பகுதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிபோன அன்றே அந்தக் கீறல்களைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன், அதைக் காட்டியும் பயனில்லை. அடுத்த வீடு தேடியபோது நாய் என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்தவர்கள் ஏராளம். ஆனாலும் பொன்னியை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, அத்தை உட்பட.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வெங்காயம் போட்ட சாம்பார், சாக்லேட், திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு எதையும் கொடுக்க வேண்டாம். உங்கள் குட்டி என்ன இனம், எத்தனை நாளில் வீட்டுக்கு வந்தது, ஊசி அட்டையில் கடைசியாக எந்தத் தேதி இருக்கிறது, பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். தனியாக விட்டுப் போகும் நேரத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்பது தனிக் கதை, அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.