காவோகாவோ ஆங்கில ரீடிங்: சீன மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களின் கேள்விகள்

சீன மொழி வழியில் மேல்நிலைப் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவோகாவோவைச் சுற்றியே வந்திருப்பதால், அதையே அடிப்படையாக வைத்துப் பதில்கள்.

கேள்வி (வூஹான்): கடைசி வருட மாணவன். ஆங்கிலத்தில் 150க்கு 95ஐத் தாண்ட மாட்டேன் என்கிறான். எதில் கை வைத்தால் மதிப்பெண் ஏறும்?

பதில்: ரீடிங்கில். வூஹான் இருக்கும் ஹுபே மாகாணம் எழுதும் தேசிய முதல் தாளில் கேட்டல் 30, ரீடிங் 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. ரீடிங்கில் நான்கு பாசேஜ், 15 கேள்வி, அதன் பிறகு 'ஏழில் ஐந்து' (ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்து உரையின் வெற்றிடங்களில் வைப்பது) என்ற பகுதியில் 5 கேள்வி. எல்லாமே தலா 2.5 மதிப்பெண். மொழிப் பயன்பாட்டில் வரும் குளோஸில் (உரையில் விடுபட்ட சொல்லைத் தேர்ந்து நிரப்புவது) ஒரு கேள்விக்கு 1தான். ஆனாலும் பல பிள்ளைகள் குளோஸ் பயிற்சியிலேயே மாலைப் பொழுதைக் கழிக்கிறார்கள். இது கணக்குக்கு ஒத்துவராது.

முதல் வேலையாக, அவன் எழுதிய கடைசி மூன்று தாள்களை வாங்கி, எந்தப் பாசேஜில் எத்தனை தப்பு என்று எண்ணுங்கள். ஏ பாசேஜ் விளம்பரம், அறிவிப்பு மாதிரி இருக்கும், 3 கேள்வி. பி பெரும்பாலும் யாராவது ஒருவரின் அனுபவம். சி, டி இரண்டும் அறிவியல், ஆய்வு, புத்தக அறிமுகம் என்று விளக்க உரைகள். பி, சி, டி மூன்றிலும் தலா 4 கேள்வி. ஏ-யில் தப்பு விழுந்தால் அவசரம். சி, டி-யில் குவிந்தால் வாக்கிய அமைப்பில் தடுமாறுகிறான். ஏழில் ஐந்தில் போனால் ஒரு வாக்கியம் அடுத்ததோடு எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கப் பழகவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு.

நேரமும் பாருங்கள். மொத்தம் 120 நிமிடம். கேட்டலுக்கு 20 போனால் மிச்சம் 100. எழுத்துக்கு 40 தேவை. ரீடிங்குக்கு 35 வைத்துக்கொண்டால் ஏ 4, பி 7, சி 8, டி 9, ஏழில் ஐந்து 7. ஏ-யில் எட்டு நிமிடம் செலவழிக்கும் பையனுக்கு டி-யில் மூளை வேலை செய்யாது.

கேள்வி (சிங்கப்பூர்): சீனாவிலிருந்து புதிதாக வந்த மாணவி. வாக்கியத்தில் எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்கிறாள். முழு வாக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்டால் வேறு எதையோ சொல்கிறாள். ஏன்?

பதில்: இந்தத் தொகுப்பில் இதுதான் முக்கியமான கேள்வி. சொல் தெரியவில்லை என்று மாணவர்கள் சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் உண்மையில் இந்தச் சிக்கல்தான்.

சீனத்தில் ஒரு பெயரை விவரிக்கும் எல்லாமே அந்தப் பெயருக்கு முன்னால் வந்துவிடும். தமிழிலும் அப்படியே: 'வெள்ளத்துக்குப் பிறகு ஊர்மக்கள் கட்டிய பாலம்'. ஆங்கிலத்தில் பாலம் முதலில் வந்து, விவரம் அதன் வாலாகத் தொங்கும். 'தி பிரிட்ஜ் தட் வாஸ் பில்ட் பை தி வில்லேஜர்ஸ் ஆஃப்டர் தி ஃப்ளட் வாஸ் கிளோஸ்ட் லாஸ்ட் மன்த்' என்று கொடுத்துப் பாருங்கள். 'ஃப்ளட் வாஸ் கிளோஸ்ட்' பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், வெள்ளம் ஏதோ ஆனது என்று கதையைத் திருப்பிவிடுவாள். மூடப்பட்டது பாலம். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவளுடைய மொழி அவளைப் பழக்கவில்லை.

நான் சொல்லும் முறை இது. காலம் காட்டும் வினைகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'டு' சேர்ந்தது, 'இங்' முடிவு கொண்டு தனியாக நிற்பது இரண்டும் கணக்கில் வராது. பிறகு தட், விச், ஹூ, வென், பிகாஸ், இஃப் மாதிரி இணைக்கும் சொற்களை வட்டமிடட்டும். 'அண்ட்', 'பட்' வினைகளை இணைத்தால் அவற்றையும் சேர்த்து எண்ணலாம். வினைகளின் எண்ணிக்கை இணைப்புகளைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தில் வினை 2 (வாஸ் பில்ட், வாஸ் கிளோஸ்ட்), இணைப்பு 1 (தட்). 'ஆஃப்டர்' இங்கே பெயரை மட்டும் பிடித்திருப்பதால் கணக்கில் இல்லை. சரியாக இருக்கிறது. இனி 'தட்' தொடங்கி 'ஃப்ளட்' வரை அடைப்புக்குள் போட்டுவிட்டால் மிச்சம் எலும்புக்கூடு: பாலம் மூடப்பட்டது. அதை மட்டும் சீனத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குச் சீனம் தெரியாவிட்டால் எழுவாயையும் வினையையும் விரலால் காட்டினால் போதும்.

கணக்கு இடித்தால் இரண்டு காரணம் பொதுவானது. ஒன்று, 'தட்', 'விச்' மறைந்திருக்கும். இன்னொன்று, 'தி பாய் இன்வைட்டட் டு தி பார்ட்டி லெஃப்ட் ஏர்லி' போன்ற வாக்கியம். சீன வினை உருவம் மாறாது என்பதால் 'இன்வைட்டட்' என்பதைப் பார்த்ததும் பையன்தான் அழைத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். அழைக்கப்பட்டவன் அவன், வினை 'லெஃப்ட்'.

ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும். புதிதாகத் தேட வேண்டாம், அவள் ஏற்கெனவே செய்து முடித்த பாசேஜிலிருந்தே எடுங்கள்.

கேள்வி (பினாங்கு): எட்டாயிரம் சொல் கொண்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்கிறான். தடுக்கவா, விடவா?

பதில்: தடுங்கள். 2017இல் வந்து 2020இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின் சொற்பட்டியல் சுமார் 3000தான். அதற்கு வெளியே உள்ள கடினமான சொல்லுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீனத்தில் அர்த்தம் அச்சிட்டுக் கொடுப்பது காவோகாவோ வழக்கம். அடி விழுவது தெரிந்த சொல்லில். 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று ஒரே ஒரு அர்த்தம் பதிந்திருக்கும். 'அட்ரஸ் தி பிராப்ளம்' வந்ததும் பிரச்சினையின் முகவரியைத் தேடுவான். 'நாவல்' புதுமையான என்ற பொருளில் வரும், 'சென்டன்ஸ்' தண்டனையாக வரும். பழைய தாள்களில் இப்படி வந்த இடங்களை, சொல்லை மட்டும் எடுக்காமல் தொடரோடு சேர்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்குப் பத்து.

இன்னொன்று: பலர் ஆங்கிலச் சொல்லையும் சீன எழுத்தைப் போலக் கண்ணால் வடிவமாகவே பதிய வைக்கிறார்கள். அதனால்தான் தோ, த்ரூ, தரோ மூன்றும் ஒன்றாகத் தெரிகின்றன. ஒவ்வொரு புதுச் சொல்லையும் அசை பிரித்து இரண்டு முறை உரக்கச் சொல்ல வைத்தால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும்.

கேள்வி (வூஹான்): முதலில் கேள்வியைப் படிப்பதா, பாசேஜையா?

பதில்: கேள்வியை. ஆனால் ஆப்ஷன்களைப் படிக்கக் கூடாது. நான்கில் மூன்று பொய். பாசேஜைப் பார்ப்பதற்கு முன்னால் பொய்யைப் படித்தால் அது தலையில் ஒட்டிக்கொண்டு, படிக்கும்போது அதற்கு ஆதாரம் தேட வைக்கும்.

கேள்வி (கோலாலம்பூர்): இரண்டு ஆப்ஷன் வரை சரியாகக் குறைத்துவிட்டு, கடைசியில் தப்பானதையே தேர்ந்தெடுக்கிறாள்.

பதில்: பொறி எப்படி வைக்கிறார்கள் என்று காட்டிவிடுங்கள். நானே எழுதிய மாதிரி ஒன்று. உரை: 'சில மாணவர்கள் இரவில் போனை வேறு அறையில் வைத்தார்கள். அவர்களில் பலர் சீக்கிரம் தூங்கியதாகச் சொன்னார்கள். மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. ஒரு வாரச் சோதனை போதாது என்கிறார் ஆசிரியை.'

ஆப்ஷன்கள்: அ) போனை ஒதுக்கிய எல்லாரும் சீக்கிரம் தூங்கினார்கள். ஆ) மதிப்பெண் ஏறாததால் மாணவர்கள் பழக்கத்தைக் கைவிட்டார்கள். இ) போன் அருகில் இல்லாதது தூக்கத்துக்கு உதவியதாகப் பலர் உணர்ந்தார்கள். ஈ) சோதனைக் காலம் குறைவு என்று மாணவர்கள் கருதினார்கள்.

அ-வில் 'பலர்' என்பது 'எல்லாரும்' ஆகிவிட்டது. ஆ உரையில் இல்லவே இல்லை; ஆனால் 'இருக்கலாமே' என்று தோன்றும், நல்ல மாணவிகள் விழுவது இதில்தான். ஈ-யில் ஆசிரியை சொன்னதை மாணவர்கள் வாயில் வைத்துவிட்டார்கள். இதற்குச் சீன ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜாங் குவான் லி தாய்': ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் மாட்டுவது. பெயரைச் சொன்னாலே மாணவிக்குப் புரிந்துவிடும், விளக்கம் தேவையில்லை.

இரண்டு ஆப்ஷனில் திணறும்போது 'எது சரி' என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பெயர், வினை, அளவுச் சொல் மூன்றுக்கும் உரையில் வரி காட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கு வரி கிடைக்காவிட்டால் அந்த ஆப்ஷன் அவுட். உரையின் சொற்களை அப்படியே தூக்கி வைத்திருக்கும் ஆப்ஷன் மீது சி, டி-யில் சந்தேகம் வேண்டும்; சரியான விடை பெரும்பாலும் வேறு சொல்லில் இருக்கும். ஏ பாசேஜில் இந்தச் சந்தேகம் வேண்டாம், அங்கே அப்படியே வருவது சகஜம்.

'ஆசிரியர் என்ன உணர்த்துகிறார்' வகைக் கேள்வியில், உரையிலிருந்து ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்தால் எட்டுகிற விடைதான் சரி. இரண்டு எட்டு போக வேண்டியிருந்தால் அது மாணவியின் சொந்தக் கருத்து.

கேள்வி (சிங்கப்பூர்): ஏழில் ஐந்து பகுதியில் ஒன்று தப்பினால் இரண்டாகத் தப்புகிறதே?

பதில்: அதன் அமைப்பே அப்படி. ஒன்றை இடம் மாற்றி வைத்தால் இன்னொன்றுக்கு இடம் இல்லாமல் போகும், 5 மதிப்பெண் காலி. அதனால் வரிசையாக நிரப்ப விடாதீர்கள். ஏழு வாக்கியங்களிலும் தே, இட், திஸ், சச், ஹவ்எவர், ஆல்ஸோ போன்ற சொற்களை முதலில் வட்டமிடட்டும். 'தே' இருந்தால் முந்தைய வாக்கியத்தில் பன்மை இருக்க வேண்டும். 'இட்' இருந்தால் ஒருமை. சீனத்தில் ஒருமை பன்மை பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் தெரியாது, இந்தத் தடயத்தைத் தாங்களாகப் பார்க்க மாட்டார்கள். பத்தித் தலைப்பாக வர வேண்டிய இடத்தில் மற்றப் பத்திகளின் தலைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: மற்றவை ஏவல் வினையில் தொடங்கினால் இதுவும் அப்படித்தான் தொடங்கும். உறுதியான மூன்றை முடித்துவிட்டு, மீதியை இரண்டு இடத்திலும் வைத்து வாசித்துப் பார்க்கலாம்.

கேள்வி (ஷின்சூ, தைவான்): இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறேன். வீட்டு உரிமையாளரின் மகளுக்கு உதவுகிறேன். இதெல்லாம் தைவான் தேர்வுக்கும் பொருந்துமா?

பதில்: வாக்கியப் பயிற்சியும் ஆப்ஷன் பயிற்சியும் அப்படியே பொருந்தும். தேர்வு வேறு. ஜனவரியில் நடக்கும் பொதுத் திறன் தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 நிமிடம், 100 மதிப்பெண். வாசிப்புப் பகுதி 24. விடுபட்ட வாக்கியங்களை இடம் பார்த்து நிரப்புவது 8. 'கலப்பு வினா' 10; அதில் விடையைச் சொல்லாக எழுதவும் வேண்டும், உரையில் கண்ட சொல்லின் உருவத்தை மாற்ற வேண்டியும் வரலாம். கண்டுபிடித்த பிறகு எழுத்துப்பிழையில் மதிப்பெண் விடுவது இங்கேதான். சொற்பட்டியலும் பெரியது, சுமார் 6000. ஆகவே பினாங்குக்காரருக்குச் சொன்ன 3000 கணக்கை உங்கள் மாணவிக்குச் சொல்லாதீர்கள்.

கேள்வி (பினாங்கு): ஒரு நாளைக்கு எத்தனை பாசேஜ்?

பதில்: இரண்டு. அதற்கு மேல் செய்தால் திருப்பிப் பார்க்க நேரம் இருக்காது. கடிகாரம் வைத்து 16 நிமிடம் விடை, பிறகு 25 நிமிடம் ஆய்வு. ஆய்வு என்றால் விடைத்தாளைப் பார்த்துச் சிவப்பில் டிக் அடிப்பதல்ல. தப்பான கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லாமல், 'இது தப்பு, வரியைத் தேடு' என்று மட்டும் சொல்லி மறுபடி யோசிக்க விடுங்கள்.

சீனப் பள்ளிகளில் 'தப்புக் கணக்கு நோட்டு' என்று ஒன்று எல்லாரிடமும் இருக்கும். கேள்வி, நான்கு ஆப்ஷன், சரியான விடை எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் மூன்று கலரில் எழுதுவார்கள். ஆங்கில ரீடிங்குக்கு இது வீண். அதே கேள்வி திரும்ப வராது. மூன்று விஷயம் போதும்: ஆதார வரி, எந்தப் பொறியில் விழுந்தான், எந்த வாக்கியம் உடைந்தது. இருபது பதிவு சேர்ந்ததும் ஒரே பொறி திரும்பத் திரும்ப வருவது அவனுக்கே தெரியும்.

பழைய காவோகாவோ தாள்களை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரித் தாள்கள் பலவற்றில் இரண்டு ஆப்ஷனுமே சரியாகத் தோன்றும், அதில் பழகினால் நியாயமே குழம்பும். இதற்குப் புறம்பாக, தினம் பதினைந்து நிமிடம் கேள்வி இல்லாத இலகு வாசிப்பு. நூறு சொல்லில் தெரியாதது இரண்டுக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி (கோலாலம்பூர்): போன் கேமராவைக் காட்டி முழுப் பாசேஜையும் சீனத்தில் படித்துவிடுகிறாள்.

பதில்: முடித்து, ஆய்வும் செய்த பிறகு, உடைந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அனுமதியுங்கள்.

கேள்வி (வூஹான்): ஏ பாசேஜில் எண்களில் தப்பு செய்கிறான். கணக்கில் கெட்டிக்காரன்!

பதில்: சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனி அலகு, எண்ணைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டுவார்கள். '1.2 மில்லியன்' அவனுக்கு 120 வான், நமக்கு 12 இலட்சம். நாமும் மில்லியனை ஒரு நொடி நின்று மாற்றுகிறவர்கள்தானே. ஒரு மில்லியன் என்றால் 100 வான் என்பதை அனிச்சையாக்கிவிட்டால் போதும்.

அவன் தயங்கி நிற்கும் சொற்களையும் பாருங்கள். சில வெறும் ஆள் பெயராக இருக்கும். சீனத்தில் பெரிய எழுத்து இல்லை, நடுவாக்கியத்தில் பெரிய எழுத்து வந்தால் பெயர் என்று கண் உடனே சொல்லாது. சாய்வெழுத்தில் வரும் புத்தகப் பெயரும் இப்படியே தப்பும். ஒரு வாரம் பெயர்களை எல்லாம் கட்டம் கட்டச் சொல்லுங்கள், பிறகு தேவைப்படாது.

கேள்வி (வூஹான்): தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தால் என்ன செய்வது?

பதில்: புதுச் சொற்களை நிறுத்துங்கள். ஆங்கிலத் தேர்வு ஜூன் 8, பிற்பகல் 3 முதல் 5 வரை. சாப்பிட்டபின் கண் சொருகும் நேரம் அது, டி பாசேஜ் வருவது நாலு மணிக்கு முன்பின். இரண்டு நாளுக்கு ஒரு முறை அதே நேரத்தில் முழுத் தாள் எழுதட்டும். ஒரு பாசேஜ் முடிந்ததும் அதன் விடைகளை 2பி பென்சிலால் விடை அட்டையில் நிரப்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து நிரப்புபவர்கள் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டு, எழுத்துப் பகுதியின் நேரத்தில் அழித்துக்கொண்டிருப்பார்கள்.