சர்க்கரைக்காரர்களின் கண்ணும் கம்ப்யூட்டரும்: கேள்வி பதில்

கண் மருத்துவமனையில் விழித்திரைப் படம் எடுப்பது என் வேலை. சர்க்கரை நோயாளிகளின் கண்ணை இனி கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடுமாமே என்ற பேச்சு வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எனக்குப் பத்து வருடமாகச் சுகர். இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பேன். எனக்கு எதற்கு இந்த டெஸ்ட்?

உங்களைப் போன்றவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், அம்மா. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட ஆரம்பிக்கும்போது வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. படத்தில் மட்டும் சிவப்புப் பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரிப் புள்ளிகள் தெரியும். குழாயின் சுவர் புடைத்த இடங்கள் அவை. அப்புறம் கசிவு. நடுப்பகுதி வீங்கிய பிறகுதான் பலருக்கு எழுத்து நெளிகிறது. டைப் 2 என்றால் நோய் தெரிந்தவுடனே ஒரு முறை, பிறகு வருடா வருடம் பாருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் சொல்வதை நம்பலாமா, மேடம்?

கூகுள் ஆய்வாளர்கள் சுமார் 1,28,000 படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருளைப் பற்றி 2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அதை மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து, 2019-இல் முடிவு வெளியானது. மிதமான அல்லது அதைவிட மோசமான பாதிப்பில் அரவிந்தில் 88.9 சதவீதத்தையும் நேத்ராலயாவில் 92.1 சதவீதத்தையும் அது பிடித்தது. அங்கே படம் பார்த்துத் தரம் பிரித்த ஆட்களுக்கு இது சளைத்ததில்லை. ஆனால் நூற்றுக்கு எட்டு முதல் பதினொன்று வரை தப்புகிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: முகாமில் என் அப்பாவுக்கு 'படம் தெளிவில்லை' என்று வந்தது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை, தம்பி. வயதானவர் என்றால் புரை இருக்கலாம். பால் கலந்த தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரிதான் படம் விழும். கண் பாப்பா (கருவிழி நடுவில் ஒளி நுழையும் துளை) சின்னதாக இருந்தாலும் ஓரமெல்லாம் கறுத்துவிடும்; இருட்டில்தான் அது விரியும். தாய்லாந்து கிளினிக்குகளில் இந்த மென்பொருளை வைத்துப் பார்த்தபோது 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது ஏற்கவே இல்லை. இருட்டு அறை இல்லாத இடங்களில் நர்சுகள் வேறென்ன செய்வார்கள்? 'தெளிவில்லை' என்றால் 'நார்மல்' என்று அர்த்தமில்லை. பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கும் இடத்துக்கு அப்பாவை அழைத்துப் போங்கள்.

கேள்வி: 'நார்மல்' என்று வந்துவிட்டது. இனி கண் டாக்டர் வேண்டாம்தானே?

வேண்டும். சர்க்கரைப் பாதிப்பைத் தேடப் பழக்கியது அதை மட்டுமே தேடும். கண் அழுத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கண்ணாடி பவரும் சொல்லாது.

கேள்வி: விழித்திரைப் படத்தை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லுமாமே, நிஜமா?

நிஜம்தான், 2018-இல் கட்டுரையே வந்தது. தினமும் இதே படங்களைப் பார்க்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை!

கேள்வி: சொட்டு மருந்து போட்டபின் பைக் ஓட்டலாமா, அக்கா?

கூடாது. சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், கிட்டே இருப்பது மங்கும். கூட ஒருவரை அழைத்து வாருங்கள், கூலிங் கிளாஸும் எடுத்து வாருங்கள்.