ஆடம்ஸ் குடும்பக் காகிதங்கள்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

அக்கா, அமெரிக்காவோட ரெண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸோட ஒரிஜினல் லெட்டர்லாம் இப்ப எங்க இருக்கு?

பாஸ்டன்ல, மாசசூசெட்ஸ் ஹிஸ்டாரிகல் சொசைட்டில. 1905ல குடும்பத்தாரே ஒரு டிரஸ்ட் வெச்சு பூட்டி வெச்சிருந்தாங்க, 1956ல மொத்தத்தையும் சொசைட்டிக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க. மைக்ரோஃபிலிம் மட்டும் 608 ரீல். அச்சுல வந்த பல வால்யூம் இணையத்துல இலவசமாவே படிக்கலாம்.

எங்க வீட்ல ஜான் ஆடம்ஸ் கையெழுத்து போட்ட பழைய பேப்பர் ஒண்ணு இருக்கு, என்ன விலை போகும்?

விலை நான் சொல்றதில்ல, ஏல நிறுவனத்துல கேளுங்க. ஆனா ஒண்ணு, கிழிஞ்ச இடத்துல செலோடேப் ஒட்டிடாதீங்க, லேமினேட்டும் பண்ணிடாதீங்க. பசை காகிதத்துக்குள்ள இறங்கிட்டா பிறகு எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

ஒரே குடும்பத்துக்கு எப்படி இவ்ளோ காகிதம் மிஞ்சிச்சு? வாஷிங்டன் வீட்ல அப்படி இல்லையே?

நல்ல கேள்வி. வாஷிங்டனும் மார்த்தாவும் எழுதிக்கிட்டதை அந்தம்மாவே எரிச்சுட்டாங்கன்னு சொல்வாங்க, மிஞ்சினது கை விரல்ல எண்ணிடலாம். ஜானோட தூரத்துச் சொந்தம் சாமுவேல் ஆடம்ஸ், தன்னோட கடிதக் கட்டுகளைக் கத்தரிக்கோலால துண்டு துண்டா வெட்டினதைப் பார்த்தேன்னு ஜானே பின்னாடி எழுதியிருக்காரு, அது நண்பர்களைக் காட்டிக் கொடுத்துடக்கூடாதுன்னு பயம். ஜான் நேர் எதிர். மனைவி அபிகெயில் தன் கடிதத்தை எரிச்சுடுன்னு கேட்டும் எரிக்கல. 1775ல அவர் எழுதின ரெண்டு லெட்டர் பிரிட்டிஷ்காரங்க கையில சிக்கி செய்தித்தாள்லயே வந்துச்சு, அதுக்கப்புறமும் எழுதறதை நிறுத்தல. 1776 ஜூன்ல பெரிய நோட்டு ஒண்ணு வாங்கி, அனுப்புற கடிதத்துக்கெல்லாம் நகல் எடுக்க ஆரம்பிச்சாரு. புருஷன் பொண்டாட்டி எழுதிக்கிட்டது மட்டும் 1,100க்கும் மேல கிடைச்சிருக்கு. மகன் ஜான் குவின்சி 12 வயசுல தொடங்கின டைரி 51 வால்யூம், 14,000 பக்கம் தாண்டுது. இதெல்லாம் தீப்பிடிக்காத கட்டடத்துல இருக்கணும்னு ஜான் குவின்சி ஆசைப்பட்டாரு, அவர் மகன் சார்லஸ் ஃபிரான்சிஸ் 1870ல குவின்சிங்கற ஊர்ல வீட்டுப் பக்கத்துலயே கல்லால நூலகம் கட்டிட்டாரு. தற்செயலா மிஞ்சினது இல்ல, தலைமுறை தலைமுறையா வேணும்னு காப்பாத்தினது.

லாயரா இருந்தப்போ நடத்தின கேஸ் பேப்பர்லாம் இருக்கா?

இருக்கு, 1965ல மூணு வால்யூமா வந்துச்சு, மூணாவது முழுக்க பாஸ்டன் படுகொலை வழக்குதான். 1770 மார்ச் 5 அன்னைக்கு பாஸ்டன்ல கூட்டத்து மேல சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஆடம்ஸ் வாதாடினாரு, எட்டு பேர்ல ஆறு பேர் விடுதலை, ரெண்டு பேருக்குக் கட்டைவிரல்ல சூடு. எனக்குப் பிடிச்சது வேற. 1761ல ஜேம்ஸ் ஓடிஸ்ங்கற வக்கீல் சோதனை வாரண்டுகளை எதிர்த்து பேசினப்போ இளம் வக்கீலா உக்காந்து ஆடம்ஸ் கிறுக்கின குறிப்பு. அன்னைக்கு கோர்ட்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க நமக்கு முக்கியமான ஆதாரமே அதுதான்.

எங்க தாத்தா வெச்சிருந்த ஆடம்ஸ் லெட்டருக்கு விலை...

மேல சொல்லிட்டேன். டேப் ஒட்டாதீங்க.

அபிகெயில் உயில் எழுதினாங்கன்னு சொல்றாங்களே, அந்தக் காலத்துல கல்யாணமான பொண்ணுக்கு சொத்தே கிடையாதே?

அதனாலதான் அந்தக் காகிதத்தை எல்லாரும் படிக்கணும்னு சொல்றேன். 1816 ஜனவரி 18, சொந்தக் கையெழுத்துல. அந்தச் சட்டப்படி மனைவியோட பணம் நகை எல்லாம் புருஷனுடையது, ஆனா இவங்க ரொம்ப வருஷமா அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கி வித்து தனக்குன்னு ஒரு காசு சேர்த்து வெச்சிருந்தாங்க, அதை யார் யாருக்குன்னு எழுதறாங்க. மகன்களுக்கு ஏதோ பேருக்கு, மத்தபடி பேத்திகள், மருமகள்கள், கூடப்பிறந்தவங்களோட பொண்ணுங்க, வேலைக்காரப் பொண்ணுங்கன்னு எல்லாம் பெண்கள்தான்.

அக்கா, புருஷன் சம்மதிச்சா பொருளுக்கு மனைவி உயில் எழுதலாம்னு அப்பவே சட்டம் இருந்துச்சு. பெரிய புரட்சி மாதிரி சொல்றீங்களே?

அசையும் பொருளுக்கு நீங்க சொல்றது சரி. ஆனா அந்தச் சம்மதத்தை புருஷன் எப்ப வேணா திரும்பி வாங்கிக்கலாம், அவங்க செத்த பிறகு கூட. அப்போ எழுதினது எதை நம்பி? நாப்பது வருஷம் முன்னாடி, 1776 மார்ச் 31, புதுச் சட்டத்துல பொண்ணுங்களை நினைச்சுக்கோன்னு இவங்க எழுதினதுக்கு, சிரிப்புதான் வருதுன்னு பதில் போட்டவர் ஜான். ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வெச்சு படிங்க.

அப்போ ஜான் நல்லவர்னாலதான் நடந்துச்சு, அபிகெயில் சாதனை இல்லையே.

இல்லைங்க, ஒத்துக்க மாட்டேன். சம்பாதிச்சது அவங்க, யாருக்குன்னு முடிவு பண்ணது அவங்க, சட்டம் தன் பக்கம் இல்லைன்னு தெரிஞ்சும் பேர் பேரா எழுதி வெச்சதும் அவங்க. 1818 அக்டோபர்ல அவங்க போன பிறகு ஜான் அதை மதிச்சு நடத்திக் கொடுத்தாரு, அது அவருக்குப் பெருமை. மாசசூசெட்ஸ்ல கல்யாணமான பொண்ணு சொத்துக்குச் சட்டம் வந்தது 1855ல. இவங்க போய் 37 வருஷம் கழிச்சு.

ஆடம்ஸ் சொன்னதா ஒரு பொன்மொழி ஃபார்வர்ட் வந்துச்சு, உண்மையா?

எந்தத் தேதி, யாருக்கு எழுதின கடிதம்னு அதுல இருக்கா? இல்லன்னா ஷேர் பண்ணாதீங்க. அச்சு வால்யூம்ல தேடிப் பாருங்க, அரை நிமிஷ வேலை.

சாமுவேல் ஆடம்ஸ் பேப்பர்?

நியூயார்க் பப்ளிக் லைப்ரரில கேளுங்க.