இட்லிப் பொடி விற்க வெப்சைட் வேணுமா?
வீட்டுல அரைக்கிற இட்லிப் பொடியை விற்க வெப்சைட் வேணுமான்னு கேட்டிருந்தீங்க. இப்போதைக்கு வேண்டாம். தனி சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, அதுல இருக்கிற கேட்டலாகில் (பொருள் பட்டியல்) 100 கிராம், 250 கிராம்னு விலையோட ஏத்துங்க. ‘பணம் வரணும்’, ‘அனுப்பியாச்சு’ன்னு ஒவ்வொரு சாட்டுக்கும் லேபிள் வச்சா ஆர்டர் குழம்பாது.

பலர் சறுக்குறது பிராட்காஸ்ட்ல, அதாவது ஒரே மெசேஜை நிறைய பேருக்கு மொத்தமா அனுப்புறதுல. உங்க நம்பரை சேவ் பண்ணாதவங்களுக்கு மெசேஜ் போகவே போகாது. முதல் பாக்கெட்லயே சேவ் பண்ணச் சொல்லி சீட்டு வைங்க.

பணம் போட்டாச்சுன்னு வர்ற ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் போடாதீங்க, போலி நிறைய. யுபிஐ ஆப்பில் பணம் ஏறினதைப் பார்த்துட்டு அனுப்புங்க. கணக்குக்கு கூகுள் ஷீட் போதும். கூரியர் செலவுக்குத் தனிக் கட்டம் இல்லைன்னா லாபம் பொய்யாத் தெரியும்.

காசு கட்டியே ஆகவேண்டியது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு. சிறு தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். அதோட ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே போடலாம், ஏஜென்ட் எதுக்கு? அந்தப் பதிவு எண் பாக்கெட் லேபிளில் கண்டிப்பா இருக்கணும்.