மணலி ஆலையின் கணக்கைப் படித்துவிட்டுப் போங்கள்

கேள்வி: நான் பி.காம். பட்டதாரி, அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களில் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்து எங்கிருந்தும் பதில் இல்லை. தொலைபேசியில் பங்கு ‘டிப்ஸ்’ சொல்லும் வேலை உடனே கிடைக்கிறது; சேரலாமா? வட சென்னை முகவரிதான் தடையோ என்றும் தோன்றுகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டிப்ஸ் நிறுவனத்திடம் முதலில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தந்த பதிவு எண்ணைக் கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் பங்கை வாங்குங்கள், அதை விற்றுவிடுங்கள் என்று சொல்பவர், முதலீட்டு ஆலோசகராகவோ பங்கு ஆய்வாளராகவோ செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைச் செபியின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மழுப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் முதலில் தேடுவது முதலாளியை அல்ல, தொலைபேசியில் பேசிய உங்களைத்தான்.

ஆய்வாளர் பணியிடங்கள் மிகக் குறைவு. அவற்றுக்கும் பெரும்பாலும் சி.ஏ., எம்.பி.ஏ. முடித்தவர்களையே எடுக்கிறார்கள். பி.காம். பட்டதாரிக்குத் திறந்திருக்கும் வாசல் பேக் ஆபீஸ் எனப்படும் செயல்பாட்டுப் பிரிவு. அதற்குச் சென்னையைவிட நல்ல ஊர் அதிகம் இல்லை. பல மியூச்சுவல் ஃபண்டுகளின் முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. பன்னாட்டு நிதி நிறுவனங்களின் கணக்குப் பணிகளும் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நடக்கின்றன. ஒருவருடைய முதலீட்டு விண்ணப்பம் பிற்பகல் 3 மணிக்கு முன் வந்ததா, பணமும் அதற்குள் ஃபண்டின் கணக்கில் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து, பங்குச் சந்தை ஃபண்டில் அவருக்கு எந்த நாளின் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு) என்பதே மாறிவிடும். இப்படிப்பட்டவற்றை நாள் முழுக்கச் சரிபார்ப்பது அலுப்பான வேலைதான். ஆனால் பணம் எந்த வழியாகப் போய் எங்கே சேர்கிறது என்பது இங்கே பிடிபடுவதுபோல் எந்த வகுப்பிலும் பிடிபடாது.

செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளில் எல்லோரும் எழுதும் 5-ஏ, ஃபண்டு விற்பவர்களுக்கானது. 100 மதிப்பெண்ணுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். நீங்கள் போக வேண்டிய பிரிவுக்கு, பங்குப் பரிவர்த்தனைச் செயல்பாடுகளைப் பற்றிய 7-ஆம் தேர்வே பொருத்தமானது. இரண்டுக்கு மேல் சான்றிதழ் சேர்ப்பது வீண் செலவு.

முகவரியை மறைக்க வேண்டாம். சிலர் முகம் சுளிக்கக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வட்டாரத்திலேயே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. மணலி வழியாகப் போகும்போது மூக்கில் ஏறுகிற அந்த நெடிக்குப் பின்னால் இருப்பது, 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் விலைக்கும் அதிலிருந்து கிடைத்த பெட்ரோல், டீசல் முதலியவற்றின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் மூன்று ஆண்டுகளில் எப்படி ஏறி இறங்கியது, அந்த லாபத்தில் சுத்திகரித்ததால் வந்தது எவ்வளவு, கையிருப்பில் இருந்த எண்ணெயின் விலை ஏறியதால் வந்தது எவ்வளவு என்று இரண்டு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அதைப் படிப்பவர் நேர்காணலில் அதிலிருந்தே கேள்வி கேட்பார். உங்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் ஆங்கிலம் தடுமாறினாலும் பேச்சு நிற்காது.

வேலை கிடைத்ததும் பணி நேரத்தை விசாரியுங்கள். அமெரிக்கச் சந்தை நேரத்துக்கு இயங்கும் பிரிவென்றால், நள்ளிரவில் சிறுசேரியிலிருந்து தண்டையார்பேட்டை வரை அலுவலக வண்டி வருமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.