ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்றால், பண்டிகைக்குச் சமைத்தது எப்படி?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்று யாத்திராகமம் 35 சொல்கிறது. பண்டிகை நாட்களும் வேலை செய்யாத நாட்கள்தாமே, அப்படியானால் பஸ்கா பண்டிகைக்கு அடித்த ஆட்டை எப்படிச் சுட்டார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன பதில் சொல்வது?

பதில்: நல்ல கேள்வி. ஓய்வு என்றால் எல்லா நாளுக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. லேவியராகமம் 23-ஐ நிதானமாக வாசித்தால் இரண்டு வகை ஓய்வு இருப்பது தெரியும்.

வாராந்திர ஓய்வுநாளில் எந்த வேலையும் கூடாது. சமையலை முந்தின நாளே முடித்துவிட வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த உணவான மன்னாவைச் சுடுவதும் வேகவைப்பதும் ஆறாம் நாளிலேயே நடக்க வேண்டும் என்று யாத்திராகமம் 16-இல் மோசே சொல்கிறார். இதே கண்டிப்பு வருடத்தில் இன்னும் ஒரு நாளுக்கு உண்டு: ஏழாம் மாதம் 10-ஆம் தேதி வரும் பாவநிவர்த்தி நாள். அன்று உபவாசம் என்பதால் அடுப்புக்கு வேலையே இல்லை.

மற்ற பண்டிகை ஓய்வு நாட்கள் ஆறு. புளிப்பில்லாத அப்பப் பண்டிகையின் முதல் நாளும் ஏழாம் நாளும், வாரங்களின் பண்டிகை, ஏழாம் மாதம் முதல் தேதியில் எக்காளம் ஊதும் நாள், கூடாரப் பண்டிகையின் முதல் நாள், அதை அடுத்து வரும் எட்டாம் நாள். இவற்றில் தடை செய்யப்படுவது வயல்வேலை, தொழில், வியாபாரம் போன்ற அன்றாடப் பிழைப்பு. அப்பப் பண்டிகையின் இரண்டு ஓய்வு நாட்களிலும் அவரவர் சாப்பிடுவதற்குத் தேவையானதைச் செய்துகொள்ளலாம் என்று யாத்திராகமம் 12:16 நேராகவே அனுமதிக்கிறது. மாணவியிடம் இந்த ஒரு வசனத்தைக் காட்டினாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி தேதிக் கணக்கில் இருக்கிறது. ஆட்டை அடிப்பது முதல் மாதம் 14-ஆம் தேதி அந்தி நேரத்தில். 14-ஆம் தேதி ஓய்வுநாள் என்று லேவியராகமம் 23 சொல்லவில்லை. சூரியன் மறைந்ததும் 15-ஆம் தேதி பிறக்கிறது, புளிப்பில்லாத அப்பப் பண்டிகை தொடங்குகிறது; அந்த இரவில்தான் விருந்து.

மாலையில் நாள் தொடங்குவதை வகுப்பில் விளக்க நெகேமியா 13-ஐ விடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை. தீரு ஊரார் எருசலேமில் ஓய்வுநாளிலேயே மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆளுநராக இருந்த நெகேமியா என்ன செய்தார்? ஓய்வுநாளுக்கு முன்பு, இருட்டத் தொடங்கியபோதே நகர வாசல்களைப் பூட்டச் சொல்லி, காவலுக்குத் தம் வேலைக்காரரை நிறுத்தினார். வியாபாரிகள் ஓரிரு முறை மதிலுக்கு வெளியே இராத்தங்கிப் பார்த்தார்கள். மறுபடியும் வந்தால் உங்கள்மேல் கைபோடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் வருவதை நிறுத்தினார்கள். சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, சந்தையில் நடப்பது வேறு என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கூர்மையான மாணவி அடுத்ததாக இதையும் கேட்பாள்: 14-ஆம் தேதியே வாராந்திர ஓய்வுநாளாக அமைந்துவிட்டால்? மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவில் இதற்கு நேரடிப் பதில் இல்லை. பிற்கால ரபிகள், அதாவது யூதச் சட்ட ஆசான்கள், விவாதித்து முடிவு கண்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவின்படி, பஸ்கா ஆட்டை அடிப்பதும் அதன் இரத்தத்தைப் பலிபீடத்தில் தெளிப்பதும் ஓய்வுநாளிலும் நடக்கலாம்; ஆனால் சுடுவதற்கு இருட்டும் வரை காத்திருக்க வேண்டும்.