காய்கறியில் வைரஸ் தேடும் படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. மகளுக்கு மஞ்சள் காமாலை ஒட்டிக்கொள்ளுமோ என்பது ஒன்று, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. முதலாவதை உடனே தீர்த்துவிடலாம். அந்தக் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. ஆய்வகத்தில் சேரும் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கையுறையும் கை கழுவும் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து மிகக் குறைவு.

இந்த வேலை ஏன் தேவை என்று கேட்டீர்கள். வைரஸ் உடலுக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். அதற்குள் அந்தப் பழமோ கீரையோ தின்று தீர்ந்திருக்கும். 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வெங்காயத்தாள் சேர்ந்த ஒரே உணவகத்துச் சாப்பாட்டால் 600 பேர் வரை நோயில் விழுந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். பாசன நீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இல்லை என்ற அறிக்கையும் போதாது. அந்த பாக்டீரியா செத்த பிறகும் வைரஸ் தாக்குப்பிடிக்கும்.

சரி, மகள் அங்கே என்ன செய்வாள்? 25 கிராம் காய்கறியைக் காரத்தன்மையுள்ள கரைசலில் குலுக்கி, ஒட்டியிருக்கும் வைரஸைக் கழுவி எடுப்பாள். பெர்ரி பழமாக இருந்தால் சாறு கூழாகிவிடாமல் பெக்டினேஸ் நொதி சேர்ப்பாள். பிறகு வைரஸைப் படிய வைத்து, மையவிலக்கியில் சுற்றி, குழாயின் அடியில் லேசாக ஒட்டியிருக்கும் படிவை விட்டுவிட்டு மேல் நீரை மட்டும் வடிக்க வேண்டும். கை கொஞ்சம் அசைந்தால் காலையிலிருந்து செய்த வேலை அவ்வளவும் தொட்டியில் போய்விடும். கடைசியில்தான் பி.சி.ஆர், அதாவது வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை.

நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்: இத்தனை படிகளில் வைரஸ் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க, ஆரம்பத்திலேயே மெங்கோ என்ற வேறொரு வைரஸை அளந்து மாதிரியில் சேர்ப்பார்கள். உணவில் வைரஸ் தேடுவதற்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ 15216 முறைப்படி, அதில் 1 சதவீதமாவது திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 'வைரஸ் இல்லை' என்ற முடிவு செல்லாது, மறுபடியும் செய்ய வேண்டும். மாதிரி கொடுத்த நிறுவனம் அறிக்கைக்கு அவசரப்படும்போதும் 'இது செல்லாது' என்று சொல்ல மனத்திடம் வேண்டும். பி.சி.ஆர் செத்த வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ-வையும் காட்டிவிடும். அதனால் 'இருக்கிறது' என்று வந்தாலும் யோசித்துத்தான் எழுத வேண்டும். மதிப்பெண்ணைவிட இந்த நேர்மைதான் இந்தத் துறையில் ஒருவரைத் தூக்கி நிறுத்தும்.

வேலைக்கு வழி உண்டு: உணவுப் பரிசோதனை ஆய்வகம், குடிநீர் மற்றும் கழிவுநீர்ப் பரிசோதனை, பொதுச் சுகாதாரம், பரிசோதனைக் கிட் தயாரிப்பு. நுண்ணுயிரியல் பட்டத்தோடு பி.சி.ஆர் கைப்பழக்கமும், ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ 17025 தரமுறை பற்றிய அறிவும் இருந்தால் நல்லது. வைரஸ் ஒன்றையே நம்ப வேண்டாம். பாக்டீரியா சோதனையும் கற்றுக்கொள்ளட்டும்.

சேர்க்கைக்கு முன் விடுமுறையில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் சில நாள் உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படிவைப் பற்றியும், மெங்கோ எத்தனை சதவீதம் திரும்பியது என்றும் தானாகப் பேச ஆரம்பித்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.